தரையில் தாண்டுகிறேன், பெட்டிமேல் ஏறினால் கால் நகர மறுக்கிறது: நாற்பது வயதுக்குமேல் பார்க்கூர் வகுப்பில் சேர்ந்தவர்கள் இருக்கிறீர்களா?

ஈரக்காற்று (லண்டன்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 42 வயது. ஒன்பது வாரங்களாக, வியாழன் மாலைதோறும், வீட்டுக்குப் பக்கத்து உள்ளரங்க ஜிம்மில் பெரியவர்களுக்கான பார்க்கூர் (சுவர், படி போன்ற தடைகளை ஓடியும் தாவியும் ஏறியும் கடக்கும் பயிற்சி) தொடக்க வகுப்புக்குப் போகிறேன். பன்னிரண்டு பேர் இருக்கிறோம். பெரும்பாலோர் இருபதுகளில் இருப்பவர்கள். என்னைவிட மூத்தவர் ஒருவர்தான்.

ஏன் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் திருச்சியில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தவர், "விழுந்துகொண்டிருக்கும்போதே தெரிந்தது. என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை" என்றார். அந்த வாக்கியம் என்னைவிட்டுப் போகவே இல்லை. நடக்கவும் நீந்தவும் சைக்கிள் ஓட்டவும் எனக்குச் சொல்லித் தந்தவர் அவர். விழுவதற்கு எங்கள் இருவருக்குமே யாரும் சொல்லித் தரவில்லை. பிறகு என் மகன் சிறுவர் பார்க்கூர் வகுப்பில் சேர்ந்தான். நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் வகுப்பு முழுவதும் அந்தப் பயிற்சியாளர் பிள்ளைகளை எதன்மீதும் ஏறச் சொல்லவில்லை. இறங்கத்தான் சொல்லிக்கொடுத்தார். மறுவாரமே பெரியவர்கள் வகுப்பில் என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

இதுவரை கற்றது இவ்வளவுதான்: முன்பாதம் முதலில் தரையைத் தொட, சத்தம் வராமல் இறங்குவது. மெத்தையில் தோள்வழி உருளுவது. கையும் காலும் ஊன்றி விலங்குபோல் நடப்பது (இது பார்ப்பதற்கு எளிது, இரண்டு நிமிடத்தில் தோள் நடுங்கிவிடும்). இடுப்புயரப் பெட்டியை ஒரு கையும் எதிர்ப்பக்கக் காலும் ஊன்றித் தாண்டும் சேஃப்டி வால்ட்.

சிக்கல் பிரிசிஷன் ஜம்ப்பில். நின்ற இடத்திலிருந்து இரு கால்களையும் சேர்த்துத் தாவி, குறித்த விளிம்பில் அசையாமல் நிற்க வேண்டும். தரையில் ஒட்டிய இரண்டு டேப்புகளுக்கு நடுவே, என் காலணி நீளத்தில் ஆறு அளவு, அதாவது ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு, பத்துக்கு ஒன்பது முறை சரியாக நிற்கிறேன். அதே இடைவெளியில் முழங்கால் உயரப் பெட்டிகள் இரண்டை வைத்தால் முடியவில்லை. கையை வீசுகிறேன், முழங்காலை மடக்குகிறேன், உடம்பு முன்னால் சாய்கிறது, கால் மட்டும் பெட்டியை விடுவதில்லை. போன வியாழன் இருபது நிமிடம் அப்படியே நின்றேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கண் கலங்கிவிட்டது.

இதைக் கடந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

செங்கல்சுவர் (சென்னை)

அக்கா, வணக்கம். பதினோரு ஆண்டுகளாகப் பழகுகிறேன், கடைசி நான்கு ஆண்டுகளாகத் தொடக்க வகுப்பு எடுக்கிறேன். நீங்கள் சொன்ன இடத்தில் நிற்காத மாணவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

உங்கள் கால் நகர மறுப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. டேப்பைத் தவறவிட்டால் ஒன்றும் ஆகாது என்று உடம்புக்குத் தெரியும். பெட்டியைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று அது கேட்கிறது, அந்தக் கேள்விக்கு உங்களிடம் இன்னும் பதில் இல்லை. தைரியம் சொல்லி உடம்பை ஏமாற்ற முடியாது. பதிலைக் காட்டிவிட வேண்டும்.

அடுத்த வகுப்பில் தாண்ட முயலாதீர்கள். தவறவிடப் பழகுங்கள். தாவும் இடமாகத் தரையையே வைத்துக்கொள்ளுங்கள், எதிரே ஒரு பெட்டி மட்டும். வேண்டுமென்றே குட்டையாகத் தாவி, முன்பாதங்களால் பெட்டியின் விளிம்பைத் தொட்டு, அதை உதைத்துப் பின்னால் தரைக்கு இறங்குங்கள். பத்து முறை. பிறகு வேண்டுமென்றே அதிகமாகத் தாவி, பெட்டிமேல் நிற்காமல் ஓர் எட்டு முன்னால் வைத்து அந்தப் பக்கம் இறங்குங்கள். அதுவும் பத்து முறை. குறைந்தாலும் கூடினாலும் இறங்க வழி இருக்கிறது என்று கால்களுக்குத் தெரிந்தபிறகுதான் இரண்டாவது பெட்டி.

ஒரே ஒரு தவறு மட்டும் கூடாது. மனத்தில் பாதி வேண்டாம் என்று இருக்கும்போது தாவுவது. அப்படித் தாவினால் பாதம் போய்ச் சேராது, முழங்காலுக்குக் கீழே எலும்புதான் விளிம்பில் மோதும். தயங்கினால் இறங்கிவிடுங்கள், சுற்றி நடந்து வந்து மறுபடியும் ஏறுங்கள். இருபது நிமிடம் ஒரே இடத்தில் நிற்காதீர்கள். மூன்று முறை கை வீசியும் போகவில்லையென்றால் அன்றைக்கு அந்தத் தாவலை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போங்கள்.

---

நேர்க்கோடு (சிங்கப்பூர்)

சகோதரி, மனம் நோகாமல் கேளுங்கள். உங்கள் பயத்தைவிட உங்கள் ஜிம் எனக்குக் கவலையாக இருக்கிறது.

நான் இரண்டரை ஆண்டுகள் உள்ளரங்கில் மட்டும் பழகினேன். நுரை அடைத்த பெட்டிகள், கீழே மெத்தை, சாய்ந்தால் தாங்கும் தரை. மெத்தை உங்களிடம் உண்மை பேசாது. கணுக்கால் கோணலாக இறங்கினாலும் உள்வாங்கிக்கொண்டு, நன்றாகத்தானே இறங்கினாய் என்று சொல்லும். அதை நம்பி எங்கள் குடியிருப்புத் தொகுதிக்குக் கீழே ஒரு தாழ்ந்த சுவரிலிருந்து இறங்கினேன். இடுப்புயரம்கூட இல்லை. கணுக்கால் தசைநார் கிழிந்து ஆறு வாரம் ஊன்றுகோல். அந்த இறக்கத்தை நான் உள்ளே ஆயிரம் முறை தவறாகப் பழகியிருக்கிறேன், யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான்.

பார்க்கூர் பிறந்தது படிக்கட்டிலும் கைப்பிடிக் குழாயிலும் சுவரிலும். அதைக் கொண்டுபோய் ஜிம்முக்குள் அடைத்ததன் அடுத்த படிதான் பன்னாட்டு ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு அதைத் தன் விளையாட்டுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. 2022-இல் டோக்கியோவில் உலகச் சாம்பியன்ஷிப்பே நடத்திவிட்டார்கள். ஸ்பீடு, ஃப்ரீஸ்டைல் என்று இரண்டு பிரிவு, மதிப்பெண், பதக்கம். பல நாட்டுப் பார்க்கூர் குழுக்கள் எதிர்த்தும் அது நின்றதா? வெளியே போய்ப் பழகுங்கள். ஆரம்பத்திலிருந்தே கான்கிரீட்தான் ஆசான்.

---

லீஸ்பக்கம் (பிரான்ஸ்)

நேர்க்கோடு அண்ணா, கூட்டமைப்பு விஷயத்தில் உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் "பிறந்தது" என்று நீங்கள் சொன்ன இடத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். என் பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பாரிஸுக்கு அருகே எவ்ரி நகரில் குடியேறினார்கள். அதை ஒட்டித்தான் லீஸ் இருக்கிறது. பார்க்கூரைத் தொடங்கிவைத்த டேவிட் பெல்லும் செபாஸ்டியன் ஃபூக்கானும் அவர்களுடைய யமகாசி குழுவின் மற்றவர்களும் பழகிய இடம். பள்ளிவிட்டு வரும்போது ஏரிக்கரையில் டாம் து லாக் தெரியும். பியர் செக்கெலி என்ற சிற்பி 1970-களில் கான்கிரீட்டில் எழுப்பிய பெரிய சிற்பம், ஏறுவதற்கென்றே வடித்தது. அதன் நிழலில் நின்று அண்ணாந்து பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது.

ஆனால் வேரைத் தேடிப் போனால் தெருவுக்கு முன்னால் ஒரு பயிற்சிக்களம் வருகிறது. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் எபேர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த இயற்கை முறை உடற்பயிற்சியில் நடப்பது, ஓடுவது, தாண்டுவது, நான்கு கால் நடை, ஏறுவது, சமநிலை எல்லாம் இருக்கின்றன. ஈரக்காற்று அக்கா தோள் நடுங்கும் என்று எழுதிய அந்த விலங்கு நடையும் அதில் ஒன்று. அந்த வழியில் வந்த படைவீரர் தடைக்களப் பாதைக்குப் பிரெஞ்சில் பார்க்கூர் து கொம்பத்தான் என்று பெயர். டேவிடின் தந்தை ரேமோன் பெல் வியட்நாமில் பிறந்து, சிறுவயதிலேயே ராணுவப் பள்ளியில் வளர்ந்து, பின்னால் பாரிஸ் தீயணைப்புப் படையில் சேர்ந்தவர். அவர் பழகியது அந்தத் தடைக்களப் பாதையில். மகன் அதைச் சுவர்களுக்குக் கொண்டுவந்தார். பார்க்கூர் என்ற பெயரும் பாதை என்ற அந்தப் பழைய சொல்லிலிருந்து எழுத்து மாறி வந்ததுதான்.

எபேரின் வாசகம் ஒன்று இங்கே பலருக்கும் மனப்பாடம்: பயன்படுவதற்காக வலிமையாக இரு. அம்மாவின் விழுகையிலிருந்து ஒருவர் இந்த வகுப்புக்கு வந்திருக்கிறார். அந்த வாசகத்துக்கு இதைவிட நெருக்கமாக யாரும் வர முடியாது. உள்ளே பழகுகிறாரா வெளியே பழகுகிறாரா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

---

மூட்டுவைத்தியம் (கோயம்புத்தூர்)

பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் எழுதுகிறேன். மெத்தையா கான்கிரீட்டா என்ற சண்டையில் ஒரு கணக்கு விட்டுப்போகிறது.

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து குதிக்கிறீர்கள் என்று வையுங்கள். முழங்காலை விறைப்பாக வைத்து இறங்கி, உடம்பு ஐந்து சென்டிமீட்டர் தூரத்துக்குள் நின்றுவிட்டால், கால்கள் சராசரியாக உடல் எடையைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு விசையைத் தாங்க வேண்டும். அதே குதிப்பில் கணுக்காலும் முழங்காலும் இடுப்பும் ஒன்றன்பின் ஒன்றாக மடங்கி, ஐம்பது சென்டிமீட்டர் தூரத்தில் நின்றால், அது மூன்று மடங்காகக் குறைந்துவிடும். மெத்தை செய்வது அந்தத் தூரத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொடுப்பதுதான். மீதியை நீங்கள்தான் மடங்கிக் கொடுக்க வேண்டும். அதற்காக முழுக்கக் குந்திவிடவும் வேண்டாம், முழங்கால் செங்கோணத்துக்குக் கீழே மடங்கினால் சுமை வேறு இடத்துக்குப் போகும்.

சத்தமில்லாமல் இறங்கச் சொல்வது அழகுக்காக அன்று. சத்தம்தான் உங்களிடம் இருக்கும் மலிவான அளவுகோல். தடால் என்று கேட்டால் தூரம் போதவில்லை என்று பொருள்.

சகோதரி, உங்களுக்குத் தனியாக இரண்டு சொல்கிறேன். கண்ணாடிமுன் நின்று இறங்கிப் பாருங்கள். முழங்கால்கள் இரண்டும் உள்ளே ஒன்றையொன்று நோக்கிச் சாய்கின்றனவா? பெண்களுக்கு முழங்கால் தசைநார் கிழிவது ஆண்களைவிட அதிகம், இந்த உட்சாய்வு அதில் பெரிய பங்கு வகிக்கிறது. முழங்கால் எப்போதும் பாதவிரல் காட்டும் திசையிலேயே போக வேண்டும். அடுத்தது, ஒன்பது வாரத்தில் உங்கள் தசை தேறியிருக்கும், தசைநாண் (தசையை எலும்போடு இணைப்பது) தேறியிருக்காது. அது மெதுவாகத்தான் வலுப்படும். நன்றாக வருகிறதே என்று திடீரென்று வாரம் நான்கு நாள் போய்க் குதித்துக் குதிகாலிலும் முழங்கால் சில்லுக்குக் கீழேயும் வலி வாங்கிக்கொண்டு வருபவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

---

வாசற்படி (சேலம்)

நான் பழகுபவள் இல்லை, ஒரு தாய். என் மகனுக்கு 13 வயது. யூடியூப் பார்த்துவிட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி நிற்கிறான். அடுத்த வீட்டு மாடிக்கு ஐந்தடிதான், தாண்டிவிடுவேன் என்கிறான். திட்டினேன், அடித்தும்விட்டேன். கேட்கவில்லை. எங்கள் ஊரில் இப்படி வகுப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. இதைப் படித்தபோது உங்களைக் கேட்கலாம் என்று தோன்றியது.

---

செங்கல்சுவர் (சென்னை)

அம்மா, முதலில் மாடிக் கதவைப் பூட்டி சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இதை இன்றே செய்யுங்கள்.

பிறகு அவனிடம் இதைச் சொல்லுங்கள், வேண்டுமானால் நான் எழுதியதையே காட்டுங்கள்: தம்பி, நீ பார்க்கும் அந்த மாடித் தாவலுக்குப் பின்னால் அந்த மனிதன் அதே தூரத்தைத் தரையில் சில ஆயிரம் முறை தாண்டியிருக்கிறான். அது காணொளியில் வராது, ஏனென்றால் பார்க்கச் சலிப்பாக இருக்கும். நீ உண்மையிலேயே பழக விரும்பினால் தெருவில் இரண்டு கோடு கிழி. ஐந்தடியில் நூறு முறை தாவு. ஒவ்வொரு முறையும் கோட்டின்மேல் இரண்டு கால்களும் ஒட்டி நிற்க வேண்டும், தள்ளாடினால் கணக்கில் வராது. நூறும் நின்றால் ஒரு செங்கல் உயரத்துக்குப் போகலாம். நூறு நிற்க உனக்குப் பல வாரங்கள் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அம்மா, அடிக்காதீர்கள். அடித்தால் நீங்கள் இல்லாத நேரத்தில் ஏறுவான். கோடு கிழிக்கும்போது நீங்களும் பக்கத்தில் நின்று எண்ணுங்கள். பையன்களுக்கு எண்ணிக்கை பிடிக்கும். பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் ஜிம்னாஸ்டிக்ஸோ மல்லர்கம்பமோ சொல்லித்தருபவர்கள் பக்கத்தில் இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அங்கே நல்ல அடிப்படை கிடைக்கும்.

---

பழைய கம்பு (மதுரை)

எனக்கு 67 வயது. சிலம்பம் பழகியவன். இந்த பார்க்கூரை என் பேத்தி கைப்பேசியில் காட்டினாள். பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது பச்சைக்குதிரை. ஒருவன் குனிந்து நிற்பான், ஓடிவந்து அவன் முதுகில் இரண்டு கைகளையும் ஊன்றித் தாண்ட வேண்டும். கணுக்காலைப் பிடித்துக் குனிவதில் தொடங்கி, முழங்கால், இடுப்பு என்று குதிரை கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்துகொண்டே போகும். படிப்படியாக உயரத்தைக் கூட்ட வேண்டும் என்று நீங்கள் இப்போது சொல்வதை அந்த விளையாட்டே எங்களுக்குச் செய்துவிட்டது.

விழுவதைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஆசான் முதல் மாதம் கம்பைக் கையில் கொடுக்கவில்லை. ஆற்று மணலைக் கொத்திப் பரப்பிவைத்து, அதில் விழச் சொன்னார். தாடை நெஞ்சில் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு துணியை மடித்துத் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே வைத்துவிடுவார். உருண்டு எழுந்திருக்கும்போது துணி கீழே விழுந்திருந்தால் மறுபடியும். எனக்கு அந்தத் துணி விழாமல் எழ பதினெட்டு நாள் ஆயிற்று. மகளே, உன் வகுப்பில் இதைச் செய்து பார்.

---

ஈரக்காற்று (லண்டன்)

ஐயா, செய்தேன்! கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டேன். முதல் ஐந்து உருளலில் ஐந்து முறையும் விழுந்துவிட்டது. தலையை நன்றாக உள்ளே வைத்திருக்கிறேன் என்றுதான் இத்தனை வாரமும் நினைத்துக்கொண்டிருந்தேன். பயிற்சியாளர் அது என்ன என்று கேட்டார். மதுரையில் ஓர் ஆசானின் முறை என்று சொன்னேன். இப்போது வகுப்பில் பாதிப் பேர் தாடையில் துணி வைத்துக்கொண்டு உருளுகிறார்கள்.

பதிலுக்கு அவர் எனக்கு வேறொன்று செய்தார். எப்போதும் கறுப்பு டீஷர்ட்தான் போட்டுக்கொண்டு போவேன். ரப்பர் தரையில் ஜிம்னாஸ்டிக்ஸ் சுண்ணப்பொடியை மெல்லத் தூவி அதில் உருளச் சொன்னார். எழுந்ததும் முதுகைப் படம் எடுத்துக் காட்டினார். வலது தோளின் பின்புறத்திலிருந்து இடது இடுப்புக்குக் குறுக்காக ஒரே வெள்ளைப் பட்டை விழுந்திருக்க வேண்டும். என் முதுகில் தோளருகே ஒரு திட்டு, பிறகு கறுப்பாக வெற்றிடம், பிறகு முதுகெலும்பின் நடுவில் அடர்த்தியாக ஒரு திட்டு. அதாவது நான் உருளவில்லை. தோளில் விழுந்து, நடுவில் தவறி, இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் இறங்கியிருக்கிறேன். வீட்டில் அந்த இடத்தில்தான் சிறு காயம் இருந்தது, நாற்காலியில் இடித்துக்கொண்டேன் என்று நினைத்திருந்தேன். மெத்தையில் இது தெரியவே இல்லை. நேர்க்கோடு சொன்னது உண்மை.

அன்று இரவு நாற்பது முறையாவது உருண்டிருப்பேன். நின்றுகொண்டு அல்ல, ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டு, கைகள் இரண்டையும் ஒரே பக்கமாக வைத்து, எதிர் அக்குளைப் பார்த்தபடி மெதுவாக. கடைசிப் படத்தில் பட்டை இன்னும் ஒரு விரலகலம் விட்டுப்போயிருந்தது.

பிரிசிஷன் பற்றி: செங்கல்சுவர் தம்பி சொன்னபடி தவறவிடப் பழகினேன். மூன்றாவது நாள் அவசரப்பட்டுவிட்டேன். பாதி மனத்தோடு தாவாதீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். பின்னால் இரண்டு பேர் வரிசையில் காத்திருந்தார்கள். அவர்களைக் காக்கவைக்கிறோமே என்று தாவினேன். இடது முழங்காலுக்குக் கீழே விளிம்பில் மோதி, தோல் இரண்டு அங்குலம் உரிந்துவிட்டது. எலும்புக்கு ஒன்றுமில்லை. வலித்தது காயத்தைவிட அந்தக் காரணம்தான். பயத்தால் நின்றபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்றவர்கள் பார்க்கிறார்களே என்று போனபோதுதான் அடிபட்டது.

---

மூட்டுவைத்தியம் (கோயம்புத்தூர்)

காயத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவிச் சுத்தமாக வையுங்கள். எலும்புமேல் தோல் மெல்லியது, ஆற நாளாகும். இரண்டு வாரம் கழித்தும் அழுத்தினால் ஒரே புள்ளியில் வலித்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

அந்தச் சுண்ணப்பொடி யோசனையை என் சிகிச்சை மையத்தில் பயன்படுத்தப்போகிறேன். மிக்க நன்றி.

---

நேர்க்கோடு (சிங்கப்பூர்)

சுண்ணப்பொடியைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். என் ஜிம்மில் இப்படி ஒருவர் இருந்திருந்தால் நான் ஊன்றுகோலோடு நடந்திருக்க மாட்டேன். சுவர்கள்மேல் எனக்கு இருந்த நம்பிக்கை குறையவில்லை. ஆனால் என் கோபம் நான்கு சுவருக்குள் பழகுவதன்மேல் இல்லை என்று இப்போது புரிகிறது. காசை வாங்கிக்கொண்டு முதல் வாரமே காங் வால்ட்டுக்கு (இரு கைகளையும் ஊன்றி, கால்களை நடுவே கொண்டுவந்து தாண்டுவது) ஆளை அனுப்பிவிட்டு, எப்படி இறங்குகிறான் என்று திரும்பிப் பார்க்காத இடங்கள்மேல்தான்.

சகோதரி, காங் உங்களுக்கு இன்னும் வரவில்லை என்று நினைக்கிறேன். வரும்போது பெரியவர் சொன்ன பச்சைக்குதிரைப் பழக்கம் இங்கே குறுக்கே நிற்கும், கவனியுங்கள். பச்சைக்குதிரையில் கால்கள் அகன்று கைகளுக்கு வெளியே போகும். காங்கில் இரண்டு முழங்கால்களும் ஊன்றிய கைகளுக்கு நடுவே உள்ளே வர வேண்டும். கால்விரல் பெட்டியில் தட்டினால் தலை முன்னால் போய்விடும். எங்கள் ஜிம்மில் நான் பார்த்த பெரிய அடிகள் இரண்டும் அப்படி வந்தவை. முதலில் பெட்டிமேல் கைகளை ஊன்றி, தாண்டாமல், குந்தி நிற்பதை மட்டும் பழகச் சொல்லுங்கள். அது சத்தமில்லாமல் வரும்வரை தாண்ட வேண்டாம்.

வெளியே போய் இடுப்புயரச் சுவர் ஒன்றைத் தொட்டாவது பாருங்கள். தாண்ட வேண்டாம். கையை வைத்து எடையைக் கொடுத்துப் பாருங்கள். மேல்கல் ஆடுகிறதா, பாசி இருக்கிறதா, மண் உதிர்கிறதா என்று பார்க்கும் கண் உள்ளே இருக்கும்வரை வராது.

---

வாசற்படி (சேலம்)

ஒரு செய்தி மட்டும். கோடு கிழித்திருக்கிறோம். நான்தான் எண்ணுகிறேன். நேற்று 31. இன்று 28, அதனால் கோபமாக இருக்கிறான். மாடிச் சாவி என் முந்தானையில்.

---

லீஸ்பக்கம் (பிரான்ஸ்)

அம்மா, 28-க்குக் கோபப்படுகிறான் என்றால் அவன் பழக ஆரம்பித்துவிட்டான். அவனிடம் சொல்லுங்கள், லீஸ் பக்கத்தில் வளர்ந்த ஒரு தமிழ் அண்ணனுக்கு முதல் நூறு வர நான்கு மாதம் ஆயிற்று என்று.

---

ஈரக்காற்று (லண்டன்)

ஏழு வாரம் கழித்து வருகிறேன்.

தாண்டிவிட்டேன். போன வியாழன், அதே ஆறு அளவு, அதே பெட்டிகள். எதிர்பார்த்ததுபோல் எதுவும் இல்லை. கை வீசினேன், அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். நடுவில் இருந்தது நினைவிலேயே இல்லை. விளிம்பில் முன்பாதம் ஒட்டிய அழுத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. பயிற்சியாளர் கைதட்டவில்லை. "இன்னும் இரண்டு முறை" என்றார். மூன்றாவது முறை தள்ளாடி முன்னால் எட்டு வைத்து இறங்கினேன், அதுவும் பழகிய இறக்கமாகவே இருந்தது.

அதைவிடச் சொல்ல விரும்புவது வேறு. போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு இப்போது 71 வயது. மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டுக்கொண்ட பிறகே தொடங்கினேன். உருளல் எல்லாம் இல்லை. கூடத்தில் பாய் விரித்து, பக்கத்தில் கனமான மரநாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, தரைக்கு இறங்குவதும் எழுவதும் மட்டும். நாற்காலியைப் பிடித்து ஒரு முழங்கால், மறு முழங்கால், கை, பக்கவாட்டில் சாய்ந்து உட்காருவது. பிறகு அதே வழியில் திரும்பி எழுவது. விழுந்ததிலிருந்து மூன்று ஆண்டுகளாக அவர் தரையில் உட்காரவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பூசைகூட நாற்காலியில்தான் செய்துகொண்டிருந்தாராம். முதல் நாள் இறங்கவே இல்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை லேசாக மடக்கி, மறுபடியும் நிமிர்ந்துகொண்டார். மூன்று முறை. எனக்கு அந்த நிற்றல் நன்றாகத் தெரியும். அதனால் "பரவாயில்லை அம்மா, சுற்றி நடந்துவிட்டு வாருங்கள்" என்றேன். ஐந்தாம் நாள் பாயில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்க அவசரப்படவில்லை. அங்கேயே இருந்து வெங்காயம் உரித்துக் கொடுத்தார்.

இப்போது என் கேள்வி. இந்தச் சனிக்கிழமை எங்கள் வகுப்பு முதன்முறையாக வெளியே போகிறது, லண்டனின் வாக்ஸ்ஹால் பகுதியில் பலரும் பழகும் அந்தத் தாழ்ந்த சுவர்களுக்கு. மழை வரும் என்கிறார்கள். போவதா, அடுத்த வாரம் பார்த்துக்கொள்வதா? என்னிடம் இருப்பது குதிகால் தடித்த ஓட்டக் காலணி, அது சரிப்படுமா?

---

நேர்க்கோடு (சிங்கப்பூர்)

போங்கள். ஈரமான சுவரில் தாவ வேண்டாம், உங்கள் பயிற்சியாளரும் விடமாட்டார். நான்கு கால் நடையும் சமநிலையும் தரையில் இறங்குவதும் பழகுங்கள். ஈரக்கல்லில் எவ்வளவு பிடி இருக்கிறது என்று முன்பாதத்தால் தேய்த்துப் பாருங்கள், அதைத் தெரிந்துகொள்ள மழைநாள்தான் சரியான நாள்.

அந்தக் காலணி வேண்டாம். தடித்த குதிகாலில் விளிம்பு எங்கே இருக்கிறது என்று கால் உணராது, கணுக்காலும் புரளும். அடிப்பாகம் தட்டையாக, ஒரே ரப்பராக, கையால் வளைத்தால் வளைவதாக வாங்குங்கள். விலை உயர்ந்தது தேவையில்லை. கடையில் நின்று, படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து நின்று பாருங்கள்.

---

பழைய கம்பு (மதுரை)

மகளே, கைக்குட்டையை மறக்காமல் எடுத்துப் போ. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.